வளைந்து போகும் ரொக்கெட்

விண்ணுக்குப் போகும் ரொக்கெட் நேரே மேல்நோக்கிப் போகும் என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். தொலைக்காட்சியில் பார்க்கும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள், புகை எழுகிறது, நெருப்புத் தூண் ஒன்று மேலே ஏறுகிறது, கூடியிருப்போர் கை தட்டுகிறார்கள். அவ்வளவில் நாமும் எழுந்து நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் கதையின் சுவையான பகுதி அதற்குப் பின்புதான் தொடங்குகிறது. மேலே ஏறிய ரொக்கெட் மெல்ல மெல்லச் சாய்கிறது. ஒரு திசையைப் பற்றிக்கொண்டு கடலுக்கு மேலே விரைகிறது. அது எந்தத் திசையைப் பற்றுவது என்பது, அனுப்புகிறவர்களின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

யந்திரங்களைப் பற்றிய செய்தி எதுவாயினும் அதைப் பிரித்துப் பார்த்து, அதன் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இந்த வாரம் ரொக்கெட்டின் திசைக் கணக்கை வாசகர்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க எண்ணுகிறேன். மன்னார்க் கரையில் இருக்கும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்க வேண்டாம். இந்தியாவின் ரொக்கெட்டுகளிற் பல இத்தனை ஆண்டுகளாக ஒரு பெரிய வளைவு வளைந்து போயினவே, அதற்குக் காரணமே நமது இலங்கைத் தீவுதான்.

தேசப்படத்தில் ஒரு கோடு

மாணவர்கள் தங்கள் தேசப்படப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டும். சென்னைக்கு வடக்கே, ஆந்திர மாநிலக் கரையில், ஸ்ரீஹரிகோட்டா என்னும் இடத்தைக் காணலாம். இந்தியாவின் ஏவுதளம் அங்கேதான் இருக்கிறது. அதன் நெடுங்கோடு கிழக்கு 80 பாகை 14 கலை. அந்த இடத்தில் அடிமட்டத்தை வைத்து நேர் தெற்கே ஒரு கோடு கீறுக. கோடு கடலைக் கடந்து பருத்தித்துறைப் பக்கமாகக் கரையேறும். வன்னி நிலத்தை ஊடறுத்து, நமது மடுத் திருப்பதிக்குச் சில கிலோமீற்றர் அப்பால் செல்லும். அவிசாவளைப் பக்கத்தைத் தொட்டு, காலியிலே போய் மீண்டும் கடலில் இறங்கும். பருத்தித்துறை முதல் காலி வரை! இலங்கையை நெடுக்காகக் கிழிக்க வேண்டுமென்று ஒருவர் திட்டமிட்டுக் கீறியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திராது. கோட்டைச் சற்று மேற்கே சாய்த்துப் பார்த்தாலும் பயனில்லை. அப்போது வேதாரணியமும் இராமேசுவரமும் குறுக்கே வந்து நிற்கும்.

தெற்கே ஏன் போகவேண்டும், கிழக்கே வங்காள விரிகுடா பரந்து கிடக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆதலால் கிழக்கு நோக்கிப் போகும் ரொக்கெட்டுக்குப் பூமியின் சுழற்சியே செக்கனுக்கு ஏறத்தாழ 450 மீற்றர் வேகத்தைக் கேளாமலே கொடுத்துவிடுகிறது. ஆயினும், பூமி முழுவதையும் படம் பிடிக்க வேண்டிய செய்மதி கிழக்கே போய்ப் பயனில்லை. அது துருவத்துக்குத் துருவம் சுற்றவேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 95 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். அந்த நேரத்துக்குள் பூமி தன் அச்சில் 24 பாகை திரும்பிவிடுகிறது. எனவே அடுத்த சுற்றில் வேறொரு நிலப்பகுதி செய்மதியின் கண்ணுக்குக் கீழே வருகிறது. ஒரு தோடம்பழத்தை இடக்கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே வலக்கையால் மேலிருந்து கீழாகக் கோடு கீறிப் பாருங்கள். சற்று நேரத்தில் பழம் முழுவதும் கோடாகிவிடும். பயிரையும் காட்டையும் மேகத்தையும் கடலையும் படம் பிடிக்கும் செய்மதிகள் இப்படித்தான் தொழில் செய்கின்றன.

திரும்புவதற்குக் கொடுக்கும் விலை

செய்மதிகள் நாள்தோறும் நம் தலைக்கு மேலே பறக்கின்றனவே, ரொக்கெட் மட்டும் பறந்தால் என்ன என்று ஐயம் எழலாம். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தன் வேகத்தை முழுதாகப் பெற்றுவிட்ட செய்மதி கீழே விழுவதில்லை. வேகம் பெற்றுக்கொண்டிருக்கும் ரொக்கெட்டோ எரிந்து தீர்ந்த தன் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே எறிந்துகொண்டே போகிறது. அவை தொன் கணக்கில் எடையுள்ள வெற்றுக் கூடுகள். நடுவழியில் யந்திரம் பழுதானால் முழு ரொக்கெட்டுமே விழும். ஆகவே அதன் பாதைக்குக் கீழே மக்கள் வாழும் நிலம் இருத்தலாகாது என்பது இத்துறையின் முதல் விதி. இது வெறும் நல்லெண்ணம் மட்டுமன்று, சட்டமுமாகும். விண்ணிலிருந்து விழும் பொருளால் நிலத்தில் நேரும் கேட்டுக்கு, அதனை ஏவிய நாடே முழுப் பொறுப்பு என்று 1972ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை கூறுகிறது.

இதனால் துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் என்ன செய்கிறது? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதலில் தென்கிழக்கு நோக்கிப் புறப்படுகிறது. இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால், வங்காள விரிகுடாவுக்கு மேலே போய், அங்கிருந்து தெற்கே திரும்புகிறது. தேசப்படத்தில் பார்த்தால் பாதை கோணலாகத் தெரியும். பொறியியலாளர் இதற்கு நாயின் பின்னங்கால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் அழகாக இல்லாவிட்டாலும் உருவத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது.

இந்தத் திருப்பம் எளிதானதன்று. வீதியில் மிதிவண்டி ஓட்டுகிறவர் கைப்பிடியைத் திருப்பினால் வண்டி திரும்புகிறது. சில்லைத் தரை பற்றிக்கொண்டிருப்பதே காரணம். விண்ணிலே பற்றிக்கொள்ளத் தரை ஏது? பழைய திசையில் பெற்ற வேகத்தைக் கழித்துப் புதிய திசையில் வேகத்தைக் கூட்ட, எரிபொருளை எரித்தே ஆகவேண்டும். எவ்வளவு என்பதை மாணவர்கள் கேத்திர கணிதத்தால் கண்டுகொள்ளலாம். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளை 60 பாகைக் கோணத்தில் கீறுக. ஒன்று பழைய வேகம், மற்றது புதிய வேகம். இரண்டின் நுனிகளையும் இணைத்தால் சமபக்க முக்கோணம் வரும். அதாவது, 60 பாகை திரும்ப வேண்டுமானால், அதுவரை பெற்றிருந்த வேகத்துக்குச் சமமான இன்னொரு வேகத்தைப் புதிதாகப் பெறவேண்டும்! கோணம் சிறிதானால் செலவும் சிறிதாகும். வேகம் மிகுமுன்பே திரும்பிவிட்டால் இன்னும் சிறிதாகும். ஆயினும் செலவு செலவுதான்.

அந்தச் செலவு எங்கே போய் விழுகிறது? இந்தியாவின் புதிய சிறு ரொக்கெட்டாகிய எஸ்.எஸ்.எல்.வி.யை எடுத்துக்கொள்வோம். உயரம் 34 மீற்றர். புறப்படும்போது எடை ஏறத்தாழ 120 தொன். அது 500 கிலோமீற்றர் உயரத்துக்குச் சுமக்கக்கூடிய செய்மதியின் எடை 500 கிலோகிராம், அதாவது அரைத் தொன். 240 பங்கில் ஒரு பங்கே சரக்கு; மற்றதெல்லாம் வண்டிக் கூலி. இப்படிப்பட்ட வண்டியில் கூடுதல் எரிபொருள் எரிக்க வேண்டுமென்றால், குறைப்பதற்கு அந்த ஒரு பங்குதான் இருக்கிறது. பெரிய ரொக்கெட்டுக்கு வளைவு ஒரு வரி என்றால், சிறிய ரொக்கெட்டுக்கு அது வீட்டையே விற்கச் செய்யும் கடன்.

எனக்கு அந்தக் கோணல் வழியின் மீது தனி மதிப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் விலைமதிப்புள்ள சரக்கிற் சில கிலோவைக் குறைத்துக்கொண்டு, பருத்தித்துறை முதல் காலி வரை உறங்கிக்கொண்டிருக்கும் மக்களைச் சுற்றிப் போகிறது ரொக்கெட். அம்மக்களுக்கு இது தெரியவும் தெரியாது. பொறியியலில் மனிதரை மதிப்பது எப்படி என்று யாரேனும் கேட்டால், நான் அந்த வளைவைத்தான் காட்டுவேன்.

முத்தாரம்மன் ஊரில் புதிய ஏவுதளம்

இனி வளைய வேண்டியதில்லாத வழி ஒன்று கண்டிருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம் என்றோர் ஊர் உண்டு. முத்தாரம்மன் கோயில் தசராத் திருவிழாவால் புகழ் பெற்ற ஊர். அங்கே இரண்டாவது ஏவுதளம் அமைப்பதற்கு 2024 பெப்ரவரி 28ஆம் நாள் இந்தியப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2025 ஆகஸ்டில் ஏவுமேடைக்கான கட்டுமானப் பூசையும் நடந்தது. எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறு ரொக்கெட்டுகளுக்காகவே அமைவது இத்தளம்.

அடிமட்டத்தை இப்போது அந்த ஊரில் வைத்துத் தெற்கே கோடு கீறுக. இலங்கையின் மேற்குக் கரை கிழக்கே ஒதுங்கி நிற்கும். மாலைதீவு மேற்கே ஒதுங்கி நிற்கும். நடுவே, அந்தாட்டிக்காப் பனி நிலம் வரை, இந்து சமுத்திரம் ஒன்றே. வளைவு தேவையில்லை, கடன் தீர்ந்தது.

அவ்வூர் நமக்குத் தூரமன்று. தலைமன்னாரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான். கொழும்பை விட அண்மை. தெளிந்த இரவில் அங்கிருந்து ரொக்கெட் புறப்பட்டால், நமது கரையில் நின்று பார்க்கிறவருக்கு அதன் சுடர் தெரியக் கூடும். எங்கே பார்ப்பது? மேற்குக்கும் தென்மேற்குக்கும் நடுவே. எவ்வளவு உயரத்தில்? ரொக்கெட் 50 கிலோமீற்றர் உயரத்துக்கு வரும்போது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 14 பாகை உயரத்தில் நிற்கும். கையை நேரே நீட்டி முட்டியை மடக்கினால், அந்த முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். எனவே கடலின் விளிம்புக்கு மேலே ஒன்றரை முட்டி உயரம். பிள்ளைகள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கேட்க மறுத்த கணினி

இந்தச் சிறு ரொக்கெட்டின் முதற் பயணத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்ட் 7ஆம் நாள் அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அடுக்குகள் மூன்றும் நன்றாகவே எரிந்தன. இரண்டாம் அடுக்குக் கழன்றபோது ஒரு கணம் கடுமையான அதிர்வு ஏற்பட்டது. வேக மாற்றத்தை அளக்கும் கருவிகள் அந்த அதிர்வைப் பதிவு செய்தன. உள்ளிருந்த கணினி, இவ்வளவு பெரிய அளவுகள் வர நியாயமில்லை, கருவிகளே பழுதாகிவிட்டன என்று தீர்ப்பளித்தது. அவை சொல்வதைக் கேளாமல், முன்பே எழுதி வைத்த பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தொடங்கிற்று. முடிவில், 356 கிலோமீற்றர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செய்மதிகள், ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீற்றர் என்று நீண்ட வட்டத்தில் வந்து விழுந்தன. 76 கிலோமீற்றரில் காற்று இருக்கிறது; அங்கே செய்மதி நிலைக்காது. வேகத்திலே குறைந்தது நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி எதுவென்றால், கருவிகள் பழுதாகவில்லை என்பதே. அதிர்வு தணிந்த பின்பும் அவை ஒழுங்காகவே இருந்தன. ஆனால் அவற்றைக் கேட்பதில்லை என்று கணினி முடிவு செய்துவிட்டது. இஸ்ரோ நிறுவனத்தார் காரணத்தைக் கண்டறிந்து வெளிப்படையாக அறிவித்தார்கள், திருத்தினார்கள். 2023 பெப்ரவரி 10ஆம் நாளும் 2024 ஆகஸ்ட் 16ஆம் நாளும் அதே இன ரொக்கெட்டுகள் பழுதின்றிப் போய்ச் சேர்ந்தன.

கணினி மனிதரைப் போல் பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான். ஆனால் யாருடைய சொல்லைக் கேட்பது, யாருடைய சொல்லைத் தள்ளுவது என்பதை அதற்கு மனிதரே எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் தவறினால், கணக்கு முழுவதும் சரியாக இருந்தும் விடை தவறிவிடும்.

பூச்சியத்தாற் பெருக்கினால்

இப்போது இவ்வாரக் கட்டுரையின் உட்கருத்துக்கு வருகிறேன்.

ஏவுதலின் பாதுகாப்பைக் கணக்கிடும் முறை பெரும்பாலும் இப்படி இருக்கும்: ரொக்கெட் பழுதாவதற்கு எவ்வளவு வாய்ப்பு, துண்டுகள் எவ்வளவு பரப்பில் விழும், அந்தப் பரப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள். மூன்றையும் பெருக்கினால் ஆபத்தின் அளவு கிடைக்கும். அமெரிக்க விதி ஒன்று, ஓர் ஏவுதலில் பொதுமக்களுக்கு நேரக்கூடிய ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்று எல்லை வகுத்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் பெருக்கலில் ஓர் எண் பூச்சியமானால் விடையும் பூச்சியமாகிவிடும் என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தேசப்படத்தில் நீல நிறம் பூசிய இடத்தைப் பார்த்து, அங்கே எத்தனை பேர் என்று கேட்டால், நிலத்தில் பிறந்து வளர்ந்தவர் எவரும் ‘யாருமில்லை’ என்றுதான் முதலில் சொல்லுவார்.

நமக்குத் தெரியும், அது அப்படியன்று. தாழ்வுபாட்டுக் கரையில் இரவில் நின்று பார்த்தவருக்குத் தெரியும். கடலில் ஊர் இல்லை. ஆனால் ஊரார் இருக்கிறார்கள். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கேயுள்ள கடலும் வெறுங் கடலன்று. பேசாலையிலும் வங்காலையிலும் இருந்து போகும் சிறு வள்ளங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை என்பது மெய்யே. ஆனால் தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளின் படகுகளும், நமது நாட்டின் நீர்கொழும்பு, பேருவளை போன்ற துறைகளிலிருந்து நெடுநாட் தொழிலுக்குப் போகும் படகுகளும் இந்து சமுத்திரத்தில் உலவுகின்றன. அவற்றில் இருப்போர் எந்த மொழி பேசினாலும் ஒரே தொழிலைச் செய்கிறவர்கள்.

வெறுமை என்று நினைத்த இடம் வெறுமையன்று என்பதை மன்னார் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1974இலும் 1976இலும் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கைகளால் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல் எல்லைக் கோடு வகுக்கப்பட்டது. தாளிலே மெல்லிய கோடு. வலைகளுக்கோ அது பெருஞ் சுவர். 2020 டிசம்பரில் நமது தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட 103.5 மெகாவாற்று மின் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. காற்றின் அளவைக் கணித்த கணக்கு சரியாகவே இருந்தது. ஆயினும் ஆண்டுதோறும் மத்திய ஆசியாவிலிருந்து வந்து போகும் பறவைகளுக்கும் அதே கரைதான் வழி என்பதையும், வாடி அமைத்து வாழ்வோருக்கும் அதே கரைதான் வாழ்வு என்பதையும் பலர் எடுத்துச் சொல்லி வந்திருக்கிறார்கள். மேலும் காற்றாலைகள் வேண்டுமா, வேண்டுமானால் எங்கே என்ற வழக்கு இன்னும் பேசப்படுகிறது. எது சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கணக்கில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்ற கேள்வியே எல்லா இடத்திலும் முதற் கேள்வி என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

தும்பாவில் கேட்டார்கள்

இந்திய விண்வெளி வரலாறு தொடங்கியதே மீனவர் ஊரொன்றில்தான். திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்பது அதன் பெயர். பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூருக்கு மிக அண்மையில் செல்வதால், மேல்வானத்தை ஆராய அது தகுந்த இடமென்று விஞ்ஞானிகள் தெரிந்தெடுத்தார்கள். அங்கே மரிய மதலேனாள் பெயரால் ஒரு தேவாலயமும் சுற்றிலும் கடற்றொழிலாளர் வீடுகளும் இருந்தன. அப்போதைய ஆயர் பீற்றர் பேர்னாட் பெரேரா அவர்களிடம் சென்று கேட்டார்கள். அவர் இசைந்தார், மக்களும் வேறிடம் பெயர்ந்தார்கள். தேவாலயமே முதல் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ரொக்கெட் அங்கிருந்து புறப்பட்டது. அத் தேவாலயக் கட்டிடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

கேட்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். ஊரை விட்டுப் பெயர்ந்தவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. ஆனாலும் அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதைக் கண்டு, முகம் பார்த்துப் பேசினார்கள். கரையில் வீடு உள்ளவரைத் தேடிப் போய்க் கேட்கலாம். கடலில் இருப்பவரை எங்கே தேடுவது? அதற்கு வழி உண்டா? உண்டு.

2015ஆம் ஆண்டில் நமது நாட்டிலேயே ஒரு சான்று நடந்தது. பழைய ரொக்கெட் ஒன்றின் கூடாக இருக்கலாம் என்று கருதப்பட்ட பொருளொன்று இலங்கைக்குத் தெற்கே கடலில் விழப் போவதை வானியலாளர் பல நாட்களுக்கு முன்பே கணித்தார்கள். நவம்பர் 13, நண்பகலுக்குச் சற்று முன்பு என்று நேரமும் குறித்தார்கள். அந்தப் பகுதிக்கு மீன்பிடிக்கச் செல்ல வேண்டாமென்று அறிவிக்கப்பட்டது, விமானங்களும் விலக்கப்பட்டன. சொன்ன நேரத்தில் அது வந்தது, ஒருவருக்கும் தீங்கில்லை. முன்னரே சொன்னால் போதும், நம்மவர் விலகிக்கொள்வார்கள்.

ஏவுதல் நாட்களிலும் கடலோடிகளுக்கு அறிவித்தல் விடுப்பது வழக்கமே. இந்து சமுத்திரத்தின் இப்பகுதிக்கான கடல் எச்சரிக்கைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்தியாவுடையது. ஆனால் அந்த எச்சரிக்கை எப்படி வருகிறது? ஆங்கிலத்தில், அகலக்கோடும் நெடுங்கோடும் எண்களாக அடுக்கிய வரிசையில் வருகிறது. பெருங் கப்பலின் தலைவனுக்கு அது போதும். சிறு படகுக்காரருக்கு வேண்டியது வேறு: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தத் துறையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை மணி ஓட்டம். இவ்வளவையும் தமிழிலும் சிங்களத்திலும் வானொலியில் காலையும் மாலையும் சொல்லிவிட்டால் போதும். செலவு மிகச் சிறிது. ரொக்கெட்டின் வளைவுக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

செய்மதி நமக்குத் தரும் கூலி

இதனால் ரொக்கெட்டே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். செய்மதி நமக்கு என்ன தருகிறது என்பதை இக்கரை நன்றாக அறியும். 1964 டிசம்பர் 22ஆம் நாளில் திருகோணமலைப் பக்கமாக வந்த புயல் வடபகுதியைக் கடந்து பாம்பனை நோக்கிப் போயிற்று. அன்றிரவு தனுஷ்கோடி அழிந்தது. புகையிரதம் ஒன்று பயணிகளோடு கடலில் மாண்டது. 1914 முதல் தலைமன்னாரோடு இணைந்திருந்த அத்துறை மறைந்தது. வானிலையைப் படம் பிடித்த முதற் செய்மதி 1960இல்தான் மேலே போயிருந்தது. அதன் பயன் நமது கரைக்கு எட்டும் காலம் அன்று வந்திருக்கவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு ‘புரெவி’ என்னும் புயல் ஏறத்தாழ அதே வழியில் வந்து மன்னார் வளைகுடாவில் இறங்கியது. அது பிறந்த நாள் முதல் செய்மதிகள் அதைக் கண்காணித்துக்கொண்டிருந்தன. வள்ளங்கள் முன்னரே கரையேறியிருந்தன. புரெவி 1964ஆம் ஆண்டுப் புயலின் வலிமை உடையதன்று. ஆயினும் வருவதை அறிந்து காத்திருப்பதற்கும் அறியாமல் உறங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை மூத்தவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

ஆனால் படம் கிடைத்தால் மட்டும் போதாது. செய்தி உரியவரிடம் போய்ச் சேரவேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இலங்கைக்குத் தென்மேற்கே விரைந்து வலுப்பெற்றபோது, கன்னியாகுமரிக் கரையோரும் கேரளக் கரையோரும் கைத்தொலைபேசி எட்டாத ஆழ்கடலில் இருந்தார்கள். மேலே செய்மதி பார்த்துக்கொண்டிருந்தது. கீழே படகில் இருந்தவருக்குச் சொல்ல ஆளில்லை. பல குடும்பங்கள் இன்றும் அந்த நாளை மறக்கவில்லை. அதற்குப் பின்பே, செய்மதி வழியாக எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுவரும் சிறு கருவி ஒன்றை 2019இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். அது கேட்கும், பேசாது. 2024இல் இஸ்ரோ அறிவித்த அடுத்த கருவியில், படகிலிருந்து அபாயச் செய்தி அனுப்பவும், அது கரைக்குக் கிடைத்தது என்ற பதிலைப் பெறவும் வழி செய்திருக்கிறார்கள். இந்த ஒரு பதிலுக்காகவே அக்கருவியை நான் மெச்சுகிறேன். ‘உன் குரல் கேட்டது’ என்ற சொல் நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு எவ்வளவு பெரிய துணை!

கடலில் யார் இருக்கிறார் என்று எண்ணுவதற்கும் செய்மதியே துணை செய்யும். 2011இல் அமெரிக்கா ஏவிய துருவச் செய்மதி ஒன்றின் கருவி, இரவில் மீன்பிடிப் படகுகள் ஏற்றும் விளக்குகளை விண்ணிலிருந்தே கண்டு குறிக்க வல்லது. அவ்வகைக் கருவிகள் கண்ட விளக்குகளை நாள்தோறும் எண்ணிப் பதிவு செய்தும் வந்திருக்கிறார்கள். ஆகவே ‘அங்கே யாருமில்லை’ என்று இனி எந்தக் கணக்காளரும் சொல்ல முடியாது. நமது நாட்டு நெடுநாட் படகுகளில் இருக்குமிடம் காட்டும் செய்மதிக் கருவிகளும் பொருத்தப்பட்டிருக்கின்றன. விளக்கும் இல்லாமல் கருவியும் இல்லாமல் போகும் சிறு வள்ளங்கள்தான் எஞ்சுகின்றன. அவற்றை எந்தச் செய்மதியும் காணாது. துறையிலே சென்று கேட்டுத்தான் எண்ணவேண்டும்.

நமது மாணவர்களிற் சிலர் நாளை பொறியியலாளர் ஆவார்கள். கணினிக்கு விதி எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள் அவர்களே. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எந்தக் கோட்டைக் கீறினாலும், அதன் கீழே யார் இருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். எண்ணிக்கை தெரியாத இடத்தில் பூச்சியம் போடாதீர்கள். ஒரு தீவின் மக்களுக்காக ரொக்கெட்டையே வளைத்தவர்கள், ஒரு வள்ளத்தில் இருக்கும் இருவருக்காக வானொலியில் இரண்டு நிமிடம் பேசுவது பெரிய காரியமன்று. குலசேகரன்பட்டினத்திலிருந்து ரொக்கெட் புறப்படும் நாளில், நம் பிள்ளைகள் கரையில் நின்று ஒன்றரை முட்டி உயரத்தில் அதைத் தேடட்டும். அந்த நேரத்தில் அக்கடலில் இருப்பவர்களும், அது வருவதை முன்பே அறிந்து, விலகி நின்று, அச்சமின்றி அண்ணாந்து பார்க்கட்டும்.